ஒரு நாளைக்கு ஒரு குப்பி

ஒன்பதாம் வார்டில் நோயாளி என்று கைகாட்ட ஒருவர்கூட இல்லை. நாற்பது கட்டில், நாற்பது பேர், அத்தனை பேரும் திடகாத்திரம். காலை ஆறு மணிக்கு விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், ஏழு மணிக்கு ஊசி போடுவார்கள். அதற்கப்புறம் நாள் முழுக்க அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. வராந்தாவில் வலை கட்டி இறகுப்பந்து ஆடுவார்கள். சமையல்கட்டில் போய் வெங்காயம் உரித்துக் கொடுப்பார்கள். பக்கத்து வார்டில் நிஜமாகவே எழ முடியாமல் கிடப்பவர்களுக்கு முகம் மழித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் மிதுன் அங்கே பதினேழாம் நம்பர் கட்டிலில் நான்கு வருஷம் இருந்தார். கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நோய் இல்லாமல் இல்லை. இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடையில் வந்த காய்ச்சல் பலரை ஒரு வாரத்தில் விட்டுவிட்டது, சிலரைப் பிடித்துக்கொண்டது. பிடித்தவர்களுக்குத் தசையெல்லாம் இறுகி உடம்பு கட்டையாகிவிடும். அரசாங்கம் அதற்கு இரண்டு வரி நீளத்தில் ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் விறைப்பு என்றார்கள். விறைத்தவருக்கு மூச்சு ஓடும், காது கேட்கும், மற்றதெல்லாம் நின்றுவிடும். பத்து நாளைக்கு மேல் அப்படியே விட்டால் நெஞ்சும் விறைத்துவிடும்.

மருந்து இருக்கிறது, அருமையான மருந்து. மாவரைக்கும் கிரைண்டர் அளவில் ஒரு பொறி. அதில் மூலச்சாறு உள்ள ஒரு குப்பியைச் செருகி, நோயாளியின் அன்றைய ரத்தத்தை ஒரு சொட்டு விட்டால், நாற்பது நிமிஷத்தில் அவருக்கென்றே, அந்த ஒரு நாளைக்கென்றே, ஓர் ஊசி மருந்து வரும். மத்தியானத்துக்குள் போடாவிட்டால் கெட்டுவிடும். அதனால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. குப்பியின் விலையோ கேட்டால் தலை சுற்றும். அவ்வளவு விலையுள்ள மருந்துக்குப் பெரியாஸ்பத்திரி நிதியில்தான் இடம் உண்டு, அதுவும் உள்நோயாளிக்கு மட்டும். கட்டில் நம்பர் இருந்தால்தான் ஊசி. சாயங்காலம் ஆறு மணிக்குத் தலை எண்ணுவார்கள். எண்ணும்போது கட்டிலில் ஆள் இல்லையென்றால் மறுநாள் பெயர் இல்லை.

சின்னாஸ்பத்திரிகளுக்கு, அதாவது என்னைப் போன்றவர்கள் குப்பை கொட்டும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, மருந்து நிதி தனி. காய்ச்சல் மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாய்க்கடி ஊசி. அவ்வளவுதான். நான் கரட்டுப்புதூர் நிலையத்தில் மருந்தாளுநர். பெயர் தாரணி. என் மருந்தறையிலேயே அந்தப் பொறி ஒன்று நின்றுகொண்டிருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கருவிகள் வாங்கும் திட்டத்தில் எல்லா நிலையத்துக்கும் ஒன்று வந்தது. குப்பி வரவில்லை. ஏனென்றால் குப்பி கருவி இல்லை, மருந்து. நான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். மூன்று வருஷமாகப் பொட்டு வைத்துக்கொண்டதுதான் அது செய்த வேலை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் அவரைப் பார்ப்பேன். பதினொன்றிலிருந்து நான்கு வரை நேரம். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு புங்கமரம், அதன் அடியில் ஒரே ஒரு சிமெண்ட் பெஞ்சு. அந்த பெஞ்சுக்கு அடிதடி நடக்கும். எங்களுக்காக அதைப் பிடித்து வைப்பவர் அஸ்வத் அண்ணன், பதினெட்டாம் நம்பர் கட்டில். எங்கள் ஒன்றியத்துக்காரர்தான், போர்வெல் லாரி ஓட்டி இந்தியா முழுக்கக் குழி தோண்டியவர், கல்யாணம் செய்துகொள்ள மறந்தே போனவர். நான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே துண்டை விரித்து பெஞ்சில் படுத்திருப்பார். என் தலை தெரிந்ததும், "வா தங்கச்சி, எடஞ் சூடா இருக்குது பாரு" என்று எழுந்து போய்விடுவார். அப்புறம் நான்கு மணி வரை எங்கள் பக்கம் திரும்ப மாட்டார்.

ஒரு ஞாயிறு மிதுன் சொன்னார்: "அம்மிணி, நீ என்ற மேல கோவிச்சுக்கிட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

"எதுக்கு மாமா கோவிச்சுக்கறது?"

"அதாஞ் சொல்றேன். ஊட்ல இருக்கறப்ப ஈரத் துண்ட நாற்காலி மேல போட்டா ஏழூருக்குக் கேக்கற மாதிரி கத்துவ. இங்க வந்தா பதவிசா உக்காந்துக்கற. நானும் நல்ல புள்ளையாட்டம் உக்காந்துக்கறேன். பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குது. ஒரு நாளைக்கு நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அடுப்படிக்குப் போறதப் பாக்கோணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கிறவள் சண்டையில் எவ்வளவு செலவு செய்ய முடியும்? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் வெங்காய வாசம் அடித்தது. என் அடுப்படியில் ஒரு நாள் வெங்காயம் உரித்திருப்பாரா இந்த மனுஷன்! ஆஸ்பத்திரிச் சமையல்காரனுக்கு உரித்துக் கொடுக்கிறார்.

அந்த வருஷம் தை மாதம் எங்கள் நிலையத்துக்குத் தணிக்கைக்கு ஓர் அம்மா வந்தார். மருந்து ஒதுக்கீட்டுப் பிரிவில் அலுவலர், பெயர் இவாஞ்சலின், முப்பது வயதிருக்கும். மருந்து நிதியை எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று பிரிப்பது மனிதர்கள் இல்லை, ஒரு கணினி நிரல். அதற்கும் ஒரு நீளமான பெயர் உண்டு. எங்கள் இலாகாவில் எல்லோரும் அதைப் பங்காளி என்போம். சொத்தைப் பிரிக்க வந்தால் சொந்தம் பார்க்காது, நியாயமும் பேசாது, பழைய பத்திரத்தை மட்டும் பார்க்கும்.

இவாஞ்சலின் மேடத்துக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பொட்டு வைத்த பொறியைக் காட்டிக் கேட்டேன். "மேடம், ஒரு சந்தேகமுங்க. பெரியாஸ்பத்திரியில அந்த ஊசிக்கு ஆகற செலவு, கட்டிலுக்கு, சோத்துக்கு, காவலுக்கு எல்லாஞ் சேத்துப் பாருங்க. குப்பிய இங்க அனுப்பினீங்கன்னா ஊசிச் செலவோட முடிஞ்சுது. அரசாங்கத்துக்கே மிச்சமுங்க. அப்புறம் ஏனுங்க நல்லா இருக்கற மனுசன ஆஸ்பத்திரியில போட்டு வெச்சிருக்கறீங்க?"

"மிச்சம்ங்கறது உங்களுக்கும் எனக்கும் புரியும். பங்காளிக்குப் புரியாது" என்றார் அவர். "அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். போன வருஷம் எங்க மருந்துக்கு அதிகமா செலவாச்சு? அங்க நோய் அதிகம்னு அர்த்தம், அங்கயே இன்னும் கொடு. எங்க செலவு கம்மி? அங்க தேவையில்லைன்னு அர்த்தம், குறை. அதனால பெரிய ஆஸ்பத்திரிக்கு வருஷா வருஷம் ஏறும். சின்ன ஆஸ்பத்திரிக்கு வருஷா வருஷம் இறங்கும்."

"எங்களுக்கு எதனால கம்மியா போச்சுங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏழு சான்றிதழ்கள், சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். மருந்துச் சிக்கனத்துக்காக மாவட்ட அளவில் முதலிடம், ஏழு வருஷம்.

"மாநிலத்துலயே தலைக்கு மருந்துச் செலவு ரொம்பக் கம்மியான நிலையம் எதுன்னு தெரியுமா? அதைப் பாக்கத்தான் நான் வந்தேன். நீங்க ஒரு மாத்திரையக்கூட வீணாக்க மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். குத்திக் காட்டவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு மருந்தறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிக்கனம் எனக்குப் பிறவிக் குணம். தண்ணீர் பார்க்காத பூமியில் பிறந்தவள்; சொட்டுச் சொட்டாகத்தான் எதையும் கொடுத்துப் பழக்கம். டாக்டரம்மா ஐந்து நாள் மாத்திரை எழுதினால், "மூணு நாள் போடுங்க, நிக்கலீன்னா வாங்க" என்று மூன்றைக் கொடுப்பேன். வீட்டில் மிஞ்சிய அட்டைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அடுத்தவருக்குக் கொடுப்பேன். சதீஷ் தாத்தாவுக்கு எழுபது வயது, பிரஷர். ஒரு மாத மாத்திரையை அவரிடம் மொத்தமாகக் கொடுத்தால் தொலைத்துவிடுவார் என்று பத்துப் பத்தாகக் கொடுத்தேன். மாதம் மூன்று முறை கரட்டுக் குன்றின் மேலிருந்து நடந்து வந்து பார்த்துவிட்டு, அவர் ஒரு நாள் பெரியாஸ்பத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டார். அங்கே மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்கிறார்கள். இப்படி ஊரில் பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். அவர்கள் மாத்திரைச் செலவெல்லாம் அங்கே கணக்கானது. நான் இங்கே சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். என் புருஷனை என்னிடமிருந்து பிரித்தது நான்தான் என்று அன்று விளங்கியது.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். "எங்கீங்க பயணம்? சளிக்கா? சளிக்கு அறுபது கிலோமீட்டரா? எறங்குங்க." வெட்கத்தைப் பார்த்தால் காரியம் ஆகுமா? படிக்கட்டில் கால் வைத்தவர்களைப் பையைப் பிடித்து இழுத்தேன். கண்டக்டர் என்னைக் கண்டால் விசில் ஊத ஆரம்பித்தார். சதீஷ் தாத்தா மட்டும் மசியவில்லை.

"நீ பத்துதாங் குடுப்ப. எனக்குத் தெரியாதாக்கும்?"

"தொண்ணூறு தர்றேன் வாங்க."

"எண்ணிக் குடுப்பியா?"

"உங்க முன்னாலயே எண்ணறேன்."

எண்ணிக் கொடுத்தேன். அவர் திரும்ப ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டு போனார். பொய்க் கணக்கு எழுதவில்லை. பங்காளி அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். டாக்டரம்மா எழுதியதை எழுதியபடி கொடுத்தேன், அவ்வளவுதான். கொடுக்கும்போது விரல் கூசியது. காலாவதியான மாத்திரைகளை முதல் தடவையாகக் குப்பையில் போட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஊரில் பிரஷர் கட்டுப்பட்டது, சர்க்கரை இறங்கியது. நான் மிச்சம் பிடித்த ஏழு வருஷம் இவர்கள் உடம்பிலிருந்து பிடித்தது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொண்டேன்.

பதினான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கரட்டுப்புதூர் நிலையத்தின் மருந்துத் தேவை உயர்ந்திருப்பதால், இந்த ஒன்றியத்தின் விறைப்பு நோயாளிகளுக்கு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இங்கேயே மருந்து வழங்கப்படும். அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் என் குடியிருப்பை வெள்ளையடித்தேன். புதுத் தலையணை உறை தைத்தேன். ஐம்பது வயதில் என்ன ஆட்டம் இது என்று டாக்டரம்மா கேலி செய்தார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் கடைசி நாள் மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. மிதுன் இறங்கினார். அவருக்குப் பின்னால் அஸ்வத் அண்ணன் தன் பெட்டியோடு இறங்கினார். அதே வண்டியில் குப்பிப் பெட்டியும் வந்திருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணுவது என் வழக்கம். ஏப்ரலுக்கு முப்பது நாள். பெட்டியில் முப்பது குப்பிதான் இருந்தது.

நின்ற இடத்திலிருந்தே இவாஞ்சலின் மேடத்துக்குப் போன் போட்டேன். "ரெண்டு ஆளுங்க மேடம். அறுபது வேணும்."

அவர் திரையில் பார்த்தார். பிறகு சொன்னார். "உங்க ஒன்றியத்து ரெண்டு பேர் செலவையும் உங்ககிட்ட மாத்தியிருக்கு. ஆனா பெரிய ஆஸ்பத்திரி ஒரு ரூபாயில செய்யறதை நீங்க எட்டணாவுல செஞ்சு முடிப்பீங்கன்னு உங்க பழைய கணக்கு சொல்லுது. ஏழு வருஷக் கணக்கு. பங்காளி அதை நம்பி, பாதி அனுப்பியிருக்கு."

"மருந்துல எப்படீங்க பாதி? அரைக் குப்பிக்கு அந்தப் பொறி ஓடாதுங்களே!"

"எனக்குத் தெரியும்மா. அதுக்குத் தெரியாது."

"அப்ப அவங்க கட்டில்?"

"ரெண்டு கட்டிலையும் வேற ஒன்றியத்துக்கு ஒதுக்கியாச்சு. இனி அடுத்த ஏப்ரல்லதான் கணக்கைத் திரும்பப் பாக்கும். நான் எழுதிப் போடறேன். நிச்சயமா எழுதறேன்."

போனை வைத்தேன். அஸ்வத் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "தங்கச்சி, கட்டில் எங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். இந்த மனுஷன் இல்லாமலிருந்தால் என்ன என்று அந்த நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை நினைக்கவில்லை என்று எழுதிவிட்டால் அப்புறம் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

மிதுனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "நாளைக்கு எனக்குப் போடு, நாளான்னிக்கு அவனுக்குப் போடு. ஒரு நாள் கட்டையாக் கெடந்தா செத்தா போயிருவோம்?"

"நான் நாலு வருசமா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமம்மிணி" என்றார்.

அப்படியே நடந்தது. மிதுன் என் குடியிருப்பில், அஸ்வத் அண்ணன் நிலையத்தின் முன்னறைக் கட்டிலில். ஒருவர் நாள் முடிந்து விடிகாலையில் ஐந்து மணிக்கு விரல் நுனியிலிருந்து விறைக்கத் தொடங்கினால் ஆறு மணிக்குள் கட்டை. இன்னொருவருக்கு ஏழு மணிக்கு ஊசி, ஏழரைக்கு எழுவார். இடையில் அந்த ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் கட்டையாகக் கிடக்க, நான் மட்டும் இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருப்பேன்.

முதல் நாள் மிதுன் எழுந்து, குளித்து, ஈரத் துண்டை நாற்காலி மேல் போட்டார். நான் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தினார். எனக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போக முடியவில்லை, அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவருடைய நாளில் உலகம் எனக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் அவர் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டு, மூடிய கண்ணைப் பார்த்துக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் சொல்வேன். காது கேட்கும் என்று தெரியும். ஆனாலும் பதில் வராத பேச்சைச் சாயங்காலம் வரை பேசுவதற்குத் தொண்டையில் ஈரம் வேண்டும். பக்கத்திலேயே இருக்கிற மனுஷனுக்காக ஏங்குவது, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்காக ஏங்கியதைவிட மோசம்.

இதில் நான் நினைத்துப் பார்க்காதது ஒன்று உண்டு. நான்கு வருஷம் கட்டிலுக்குக் கட்டில் பேசிப் பழகியவர்கள் அந்த இரண்டு பேரும். இனி ஒருவர் பேச, ஒருவர் பதில் சொல்ல வழியே இல்லை. மிதுன் தன் நாளில் அஸ்வத் அண்ணனுக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். அஸ்வத் அண்ணன் தன் நாளில் வந்து மிதுனுக்கு முகம் மழித்துவிட்டு, அவர் நேற்றுப் பேசியதற்கு இன்று பதில் சொல்வார். இளைஞர் மன்றத்திலிருந்து ஒரு கேரம் பலகையைக் கொண்டுவந்து முன்னறையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒருவர் முறை. நோயாளிகள் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது நடுவில் அந்தப் பலகை, காய்கள் கலையாமல், அடுத்தவர் எழுந்து வருவதற்காகக் காத்திருக்கும். ஒரு ஆட்டம் முடிய ஒரு மாதம் ஆகும். மிதுன் கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அஸ்வத் என்ன பண்ணுனான்? என்ன சொன்னான்?" என்பதுதான். எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் முழுக்கக் காத்துக்கொண்டிருப்பவள் இங்கே நிற்கிறேன், முதல் பேச்சு அவருக்கா? அப்புறம் கோபத்தை முழுங்கிவிட்டுச் சொல்வேன்.

ஐப்பசி மழை நேரம். அன்று அஸ்வத் அண்ணன் நாள். மத்தியானம் மருந்தறைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும்."

"சொல்லுங்கண்ணா."

"வண்டிக்குச் சொல்லியிருக்கறேன். நாளைக்குக் காலையில ஆறரைக்கு வரும். என்னைய ஏத்தி உட்டுரு. அந்தியூர்ப் பக்கம் என்ற சித்தப்பா மவன் ஊடு இருக்குது, அங்க கொண்டுபோய்ப் போட்டுருவான். மிதுனு எந்திரிச்சுக் கேட்டான்னா, ஒம்பதாம் வார்டுல எனக்கு மறுபடி கட்டில் கெடச்சுதுன்னு சொல்லிரு. நம்புவான்."

"அங்க போயி மருந்துக்கு என்னண்ணா பண்ணுவீங்க?"

அவர் பொறியைப் பார்த்தார்.

"பத்து நாள்தாண்ணா" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? ஏன் தங்கச்சி, நான் எந்திரிச்சு என்ன பண்ணறேன்? டோக்கன் குடுக்கறேன், கேரம் அடிக்கறேன். எனக்காக ஆரு காத்திருக்கறா? நீ அவன்கிட்டப் பேசறதெல்லாம் எனக்குக் கேக்குது. என்ற நாள்ல நான் இந்த வராண்டாவுல நடக்கறேன், நீ உள்ள கட்டைகிட்டப் பேசிட்டு உக்காந்திருக்கற. என்னால பொறுக்க முடியல. நீங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா இருக்கோணும். அவ்வளவுதான். அவன்கிட்டச் சொன்னா உட மாட்டான். அதனால உன்கிட்டச் சொல்றேன்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். "மழையா இருக்குது, வண்டி வருமா?" என்று கேட்டேன். "வரும்" என்றார். என் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிகாலை மழை விட்டிருந்தது. ஆறு மணிக்குள் அவர் கட்டையாகிவிட்டார். முன்னறையில் பெட்டியைக் கட்டிக் கால்மாட்டில் வைத்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். உள்ளே மிதுன், நேற்றிலிருந்து விறைத்தபடி. சரியாக ஆறரைக்கு வண்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். தினமும் காலையில் மிதுன் எழுவார். தினமும் சண்டை போடலாம். ஞாயிற்றுக்கிழமை கூடவே சந்தைக்குப் போகலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு யாரும் தலை எண்ண மாட்டார்கள். யாரும் என்னை ஏனென்று கேட்கப் போவதில்லை, கேட்க வேண்டியவரே கேட்டுக்கொண்டுவிட்டார். இது களவு இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வது. எனக்கு என் வீட்டுக்காரர் தினமும் வேண்டும். இன்றைக்கும் வேண்டும், இதை எழுதும் இந்த நிமிஷமும் வேண்டும். ஆனால் நான் ஏற்கெனவே ஏழு வருஷம் அடுத்தவர் மாத்திரையில் மிச்சம் பிடித்தவள்.

"ஆள ஏத்தலாமுங்களா?" என்றார் டிரைவர்.

"ஆளு வரலீங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

வண்டி போன சத்தம் அடங்கும் வரை நின்றுவிட்டு, கட்டிய பெட்டியை அவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டு, மிதுன் விரலில் ரத்தச் சொட்டு எடுத்துப் பொறியை ஓட்டினேன். ஊசி போட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்து, நேராக முன்னறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அஸ்வத் அண்ணன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். மிதுன் பலகையைக் குனிந்து பார்த்தார்.

"இவன் நேத்து அடிக்கவே இல்லியா? காயெல்லாம் நான் உட்ட எடத்துலயே கெடக்குது."

"இல்லீங்க மாமா."

"ஏனாமா? ஒடம்புக்கு முடியலையா? சட்டையெல்லாம் புதுசாப் போட்டிருக்கறான். என்ன சொன்னான்?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துது. செவப்புக் காய எப்படி எடுக்கறதுன்னு நாள் முச்சூடும் பலகையவே பாத்துட்டு உக்காந்திருந்தார். நாளைக்கு எந்திரிச்சதும் செவப்பையும் எடுத்து, அதுக்குப் பாலோ காயும் போட்டுக் காட்டறேன்னார். அதுவரைக்கும் நீங்க காயத் தொடப்படாதாமா."

"திருட்டுப்பய. ரோசனையப் பாரு!" என்று மிதுன் சிரித்தார்.

கேள்வி கேட்டவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் அந்தப் பதிலைக் கட்டிலைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.